பெல்ட்டைக் கழற்றிய கை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவின் மாருதி 800-ஐ எப்படியாவது ஓட வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். 1997 மாடல், ஏசி கிடையாது. இரண்டு வருடமாக வாசலில் வேப்பமரத்தடியில் நின்றது. புது பேட்டரி வாங்கிப் போட்டதும் வண்டி கிளம்பிவிட்டது. ஆனால் பானெட்டுக்குள்ளிருந்து ‘கீ...ச்’சென்று ஒரு சத்தம். தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து நின்று பார்த்தது. பெல்ட் வழுக்குகிறது என்பது எனக்கே புரிந்தது.

அந்த எஞ்சினில் அது ரொம்ப எளிமையான ஏற்பாடுதான். கிராங்க் புல்லியிலிருந்து ஒரே ஒரு V பெல்ட். அது வாட்டர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் சேர்த்துச் சுற்றுகிறது. ஆல்டர்னேட்டர் கீழே ஒரு போல்ட்டில் கதவு மாதிரி ஆடும். மேலே நீளமான துளை உள்ள ஒரு பட்டையில் இன்னொரு போல்ட். இரண்டையும் தளர்த்தி, ஆல்டர்னேட்டரை எஞ்சின் பக்கமாகத் தள்ளினால் பெல்ட் தொளதொளவென்று ஆகிவிடும், கையாலேயே எடுத்துவிடலாம். படித்தபோது பத்து நிமிட வேலை போலத்தான் இருந்தது.

மேல் போல்ட் உடனே வந்தது. கீழ் போல்ட் அசையவில்லை. துரு. ஆல்டர்னேட்டரை ஆட்ட முடியவில்லை என்றால் பெல்ட் தளராது. எனக்குப் பொறுமை போய்விட்டது. பெரிய ஸ்க்ரூ டிரைவரை பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே கொடுத்து நெம்பினேன். இரண்டு வருடம் ஒரே இடத்தில் நின்றதில் ரப்பர் துருவோடு ஒட்டிப்போயிருந்தது. மச்சானைக் கூப்பிட்டு, கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் ஸ்பேனர் மாட்டி மெதுவாகத் திருப்பச் சொன்னேன். பெல்ட் ஒரு பக்கம் விளிம்பில் ஏறியது. ஏறிய பெல்ட்டை இடது கையால் பிடித்து இழுத்தேன். அடுத்த நொடி அது மறுபடி பள்ளத்தில் விழுந்தது, என் ஆள்காட்டி விரலின் நுனியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. மச்சான் திருப்புவதை நிறுத்தியதால் தப்பித்தேன். நகம் கறுத்து, பிறகு விழுந்தது. அவ்வளவுதான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

மறுநாள் எங்கள் தெருமுனை ஷெட்டிலிருந்து மெக்கானிக் வந்தார். அறுபது வயது தாண்டியவர். என் விரலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. முதல் வேலையாக பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினார். “ஆல்டர்னேட்டர் ஒயர்ல எப்பவும் கரண்ட் இருக்கும் சார். ஸ்பேனர் பாடில பட்டா பொறி பறக்கும்.” கீழ் போல்ட்டைச் சுற்றிக் கம்பித் துலக்கியால் தேய்த்தார். கொஞ்சம் டீசல் விட்டார். சுத்தியலால் போல்ட் தலையில் நாலு தட்டு, பலமாக இல்லை, கதவைத் தட்டுகிற மாதிரி. பிறகு, “டீ சாப்பிட்டு வந்துடலாம் வாங்க” என்றார். திரும்பி வந்ததும் போல்ட்டைக் கழற்றும் பக்கம் திருப்பாமல் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்பினார். ‘டிக்’கென்று ஒரு சத்தம், துருப்பிடிப்பு விட்டது. அப்புறம் கழன்று வந்தது. ஆல்டர்னேட்டரைத் தள்ளினார், பெல்ட் தொங்கியது.

“பெல்ட்டை இழுக்கக் கூடாது சார். அது தானா வரணும்” என்றார். அப்போதுதான் அவருடைய வலது கையைக் கவனித்தேன். மோதிர விரலில் மேல் கணு இல்லை. கார் வேலையில் போனதா என்று கேட்டேன். இல்லையாம். பதினாலு வயதில், ஒரு ரைஸ் மில்லில். “பெல்ட்டைத் தள்ளிப் போடுறதுதான் என் வேலையே” என்றார்.

அந்த ஒரு வாக்கியம்தான் இந்தக் குறிப்புக்குக் காரணம். பெல்ட்டைத் தள்ளிப் போடுவது ஒரு வேலை. ஒரு பையனை அதற்கென்றே வைத்திருந்தார்கள். எனக்கு பெல்ட் என்றால் மாட்டினால் மாட்டியபடியே கிடக்கும் ஒன்று, பிய்ந்தால் மாற்ற வேண்டியது. அவருக்கு அது ஒரு நாளில் நாற்பது தடவை கழற்றி மாட்டும் சுவிட்ச். கழற்றுவதற்கென்றே இருந்த பெல்ட் எப்போது கழலாத பெல்ட் ஆனது என்று தேடிப் பார்க்கத் தோன்றியது.

பழைய ரைஸ் மில்லைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு மூலையில் ஆயில் எஞ்சினோ மோட்டாரோ இருக்கும். சுவரோரமாக நீளமான ஒரு ஷாஃப்ட். அதிலிருந்து அகலமான தட்டை பெல்ட்டுகள் ஒவ்வொரு மெஷினுக்கும் போகும். மெஷினில் அருகருகே இரண்டு புல்லிகள். ஒன்று அச்சோடு இறுகியது, மற்றது அச்சின் மேல் சும்மா சுற்றுவது. பெல்ட் சும்மா சுற்றும் புல்லியில் இருந்தால் மெஷின் நிற்கும். பக்கத்துப் புல்லிக்குத் தள்ளினால் ஓடும். எஞ்சின் எப்போதும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆக, மெஷினை நிறுத்துவது என்றால் ஓடுகிற பெல்ட்டைத் தள்ளுவது என்றே அர்த்தம். தள்ளுவதற்கு ஒரு கவைக்கோல் இருக்க வேண்டும். பல இடங்களில் ஒரு விறகுக்கட்டை இருந்தது. அதுவும் இல்லாத இடத்தில் கை.

இதே ஏற்பாடுதான் பெரிய அளவில் 19ஆம் நூற்றாண்டின் நூற்பாலைகளில் பரவலாக இருந்தது. நீராவி எஞ்சின் ஒன்று, கூரைக்கடியில் ஓடும் ஷாஃப்டுகள், அவற்றிலிருந்து இறங்கும் நூற்றுக்கணக்கான தோல் பெல்ட்டுகள். அங்கே நடந்த மோசமான விபத்து என்ன தெரியுமா? பெல்ட் அறுவது அல்ல. புல்லியிலிருந்து நழுவிய பெல்ட், சுற்றிக்கொண்டிருக்கும் ஷாஃப்டின் மேலேயே கிடக்கும். அதை எடுத்து மறுபடி மாட்ட ஒருவர் ஏணியில் ஏறுவார். ஷாஃப்ட் பெல்ட்டைச் சுருட்டிக்கொள்ளும், பெல்ட் கையையோ சட்டையையோ சுருட்டிக்கொள்ளும், ஆள் கூரைக்குப் போய்விடுவார்.

இங்கிலாந்தில் 1844ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஷாஃப்டுகளுக்கு வேலி போட வேண்டும் என்றது. ஆனால் உயரத்தில் ஓடும் ஷாஃப்டுக்கும் வேண்டுமா என்று சண்டை வந்தது. ஏழு அடிக்கு மேலே இருக்கிறதை யார் போய்த் தொடப்போகிறார்கள் என்பது முதலாளிகளின் வாதம். 1850களின் நடுவில் ஆய்வாளர்கள் கட்டாயப்படுத்தத் தொடங்கியதும், ஆலை முதலாளிகள் 1855இல் ஒரு சங்கமே ஆரம்பித்தார்கள். சார்லஸ் டிக்கன்ஸின் வாரப் பத்திரிகை அந்தச் சங்கத்தைக் கிழித்துத் தொங்கவிட்டது. எழுத்தாளர் ஹேரியட் மார்ட்டினோ முதலாளிகள் பக்கம் நின்று பதில் எழுதினார். அடிமை முறையை எதிர்த்து அவ்வளவு எழுதியவர் இதில் அந்தப் பக்கம் போனது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. கடைசியில் 1856இல் சட்டத்தைத் தளர்த்தினார்கள். பெண்களும் சிறுவர்களும் சாதாரணமாகத் தொடக்கூடிய இடத்தில் உள்ளதற்கு வேலி இருந்தால் போதும் என்று ஆனது. உயரத்து ஷாஃப்டிடம் ஏணி வைத்துப் போகிறவர் வளர்ந்த ஆண். அவர் கணக்கில் வரவில்லை.

இதைப் படித்துவிட்டு நம் ஊர்ச் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 2025 நவம்பர் வரை அமலில் இருந்தது. சட்டப் புத்தகம் படிக்கிற பழக்கம் எனக்கு இல்லை, ஆனால் 22ஆம் பிரிவை நான் ஒரு கதை மாதிரிதான் படித்தேன். ஓடும் மெஷினில் பெல்ட்டை மாட்டவோ தள்ளவோ வேண்டுமென்றால், அதைச் செய்பவர் தனியாகப் பயிற்சி பெற்ற வயதுவந்த ஆணாக இருக்க வேண்டும். உடம்போடு ஒட்டிய உடை போட்டிருக்க வேண்டும். அந்த உடையை நிர்வாகம் கொடுக்க வேண்டும். அவர் பெயர் அதற்கான பதிவேட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பெல்ட்டின் அகலம் 15 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் ஓடும் புல்லியில் கை வைக்கக் கூடாது. பெல்ட்டின் மூட்டு தைத்ததாகவோ மேடு தட்டாமலோ இருக்க வேண்டும். நிற்கக் கெட்டியான இடமும் தேவைப்பட்டால் பிடித்துக்கொள்ளப் பிடியும் வேண்டும். ஏணி என்றால் அதைக் கட்டியிருக்க வேண்டும், அல்லது இன்னொருவர் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் விழுந்திருக்கிறார் என்பது படிக்கும்போதே தெரிகிறது. ஏணியைப் பிடிக்க ஆள் இல்லாமல் ஒருவர், மூட்டில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் சட்டை மாட்டி இன்னொருவர். 24ஆம் பிரிவில், பயன்படுத்தாத பெல்ட் ஓடும் ஷாஃப்டின் மேல் கிடக்கக் கூடாது என்று ஒரு வரி வருகிறது. இங்கிலாந்தில் நூறு வருடத்துக்கு முன் ஏணியில் ஏறியவரின் விபத்து அப்படியே நம் சட்டத்துக்குள் இருந்தது.

சரி, ரைஸ் மில் பையனின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருந்தது? எதிலும் இல்லை. வயதும் பதினாலுதான். இங்கே இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் 1881இல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் நூறு பேர் வேலை செய்யும் இடங்களுக்கு. 1891இல் அது ஐம்பது ஆனது. 1922இல் இருபது. 1948இல், மின்சாரமோ எஞ்சினோ இருந்தால் பத்து. எழுபது வருடத்தில் சட்டம் நூறிலிருந்து பத்துக்கு இறங்கி வந்தது. ரைஸ் மில்லில் இருந்தது நாலு பேர். இப்போது அவர் ஷெட்டில் இருப்பது மூணு பேர். மாநில அரசு நினைத்தால் சின்ன இடங்களுக்கும் நீட்டிக்கலாம் என்று அந்தச் சட்டத்திலேயே வழி இருந்தது. ஆனால் ஏணியைப் பிடிக்க இன்னொருவர் வேண்டும் என்கிற அந்த வரி தன் பக்கமும் வந்திருக்கக்கூடும் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை.

காருக்கு வருவோம். முதல் காரே இந்த மில் பெல்ட்டோடுதான் பிறந்தது. கார்ல் பென்ஸ் 1886 ஜனவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மூன்று சக்கர வண்டியில் எஞ்சினிலிருந்து நடு அச்சுக்கு சக்தி போனது ஒரு தட்டை பெல்ட் வழியாக. அங்கிருந்து பின் சக்கரங்களுக்குச் சங்கிலி. நடு அச்சில் அதே இரட்டைப் புல்லி: ஒன்று இறுகியது, ஒன்று சும்மா சுற்றுவது. ஒரு நெம்புகோலைத் தள்ளினால் பெல்ட் நகரும், வண்டி போகும். பின்னால் இழுத்தால் நிற்கும். கிளட்ச் என்று நாம் காலால் மிதிப்பதை அந்த வண்டியில் பெல்ட்டே செய்தது. எங்கள் மெக்கானிக்கிடம் இதைச் சொன்னபோது, “அப்ப அது நம்ம ரைஸ் மில்லுதான் சார், சக்கரம் வெச்சது” என்றார். இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது.

பிறகு வண்டியை ஓட்டும் வேலை கியருக்குப் போய்விட்டது. பெல்ட்டுக்குச் சில்லறை வேலைகள் மிஞ்சின. விசிறியைச் சுற்றுவது, டைனமோவைச் சுற்றுவது. ஃபோர்டின் மாடல் டி காரில் விசிறிக்கு இன்னும் தட்டை பெல்ட்தான். மழையில் நனைந்தால் வழுக்கும், எண்ணெய் பட்டால் நழுவும். மில்லில் பெல்ட் வழுக்கினால் குங்கிலியத்தைப் பொடித்துத் தூவுவார்கள். காரில் ஒவ்வொரு இருபது மைலுக்கும் நிறுத்தி அதைச் செய்ய முடியாது.

இதற்கான விடையும் மில்லிலேயே இருந்தது. எஞ்சினிலிருந்து மாடிகளுக்குச் சக்தியை ஏற்ற, V வடிவப் பள்ளம் வெட்டிய பெரிய சக்கரங்களில் பருத்திக் கயிறு ஓட்டுவது 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வழக்கமாகியிருந்தது. கயிறு பள்ளத்தில் ஆப்பு மாதிரி இறங்கும். 1917இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் என்பவர் ரப்பரும் துணியும் சேர்த்து அந்த ஆப்பு வடிவத்திலேயே பெல்ட்டைச் செய்தார். அவர் அண்ணன் தம்பி நிறுவனம் 1911இல் டயர்களுக்குத் தோல் உறை செய்து தொடங்கியது. தோலை விட்டு ரப்பருக்கு வந்த இடத்தில்தான் இன்றைய ஃபேன் பெல்ட்.

ஆப்பு என்பதன் பலம் என்ன என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். புல்லியை அரைச் சுற்று சுற்றிய ஒரு தட்டை பெல்ட், உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொள்வோம். நழுவுவதற்கு முன், இறுக்கமான பக்கத்தின் இழுவிசை தளர்ந்த பக்கத்தைப் போல இரண்டரை மடங்கு வரை போகலாம். அதே பொருள், 38 டிகிரி V பள்ளத்தில் உட்கார்ந்தால்? சுமார் 18 மடங்கு. பக்கச் சுவர்கள் இரண்டும் நெருக்குவதால் பிடிப்பு மூன்று மடங்காகிறது. அந்த மூன்று, சூத்திரத்தில் அடுக்கில் போய் உட்காருவதால் இப்படி எகிறுகிறது. பழைய V பெல்ட் கீச்சிடுவதும் இதனால்தான். பக்கங்கள் தேய்ந்து பெல்ட் பள்ளத்தின் அடியைத் தொட்டுவிட்டால் ஆப்பு போய்விட்டது. அப்புறம் அது வெறும் தட்டை பெல்ட், அதுவும் குறுகலானது. என் பெல்ட்டின் அடிப்பக்கம் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது அதனால்தான்.

என் விரல் நசுங்கியதற்கும் காரணம் இந்த 18 தான். தட்டை பெல்ட்டைப் பக்கவாட்டில் தள்ளினால் போகும், அதற்காகவே செய்தது. V பெல்ட்டை எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு உள்ளே இறங்கும். அதைக் கழற்ற ஒரே நேர்வழி, புல்லிகளுக்கு இடையே தூரத்தைக் குறைப்பது. ஓடும்போது தள்ளி மாட்டுகிற பேச்சே இல்லை. மில்லில் கையை எடுத்த அந்த வேலையை V பள்ளம் ஒழித்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். ஒவ்வொரு மெஷினுக்கும் தனி மோட்டார் வந்ததும் அதற்குத் துணை. கோவையில் பைக்காரா மின்சாரம் 1930களில் வந்த பிறகு ஆலைகள் பெருகியதைப் பற்றிப் பேசும்போது, கூரையிலிருந்து பெல்ட்டுகள் காலப்போக்கில் இறங்கிப்போனதையும் சேர்த்துப் பேச வேண்டும். சுவிட்சை அழுத்தினால் நிற்கிற மெஷினுக்குக் கவைக்கோல் எதற்கு?

அம்பாசடர் காலத்து டிரைவர்களுக்கு ஃபேன் பெல்ட் மாற்றுவது பஞ்சர் ஒட்டுவது மாதிரி. டிக்கியில் ஒரு உபரி பெல்ட் ஆணியில் தொங்கும். டைனமோ போல்ட்டுகளைத் தளர்த்தி, பெல்ட்டை விசிறி இறக்கைகளின் மேல் ஒவ்வொன்றாக ஏற்றி எடுக்க வேண்டும். பழைய டிரைவர் ஒருவர், சேலம் ரோட்டில் பெல்ட் அறுந்தபோது தேங்காய் நார்க் கயிற்றை முறுக்கிக் கட்டி எட்டு கிலோமீட்டர் வந்ததாகச் சொன்னார். எட்டா, ரெண்டா, அது அவருக்கும் கயிறுக்கும்தான் வெளிச்சம். வெளிநாட்டில் இதற்கு நைலான் ஸ்டாக்கிங்ஸைக் கட்டுவார்களாம்.

1979 ஃபோர்டு மஸ்டாங்கில் எல்லா வேலைக்கும் ஒரே நீள பெல்ட் வந்தது. பாம்பு மாதிரி முன்னும் பின்னும் வளைந்து எல்லாப் புல்லிகளையும் சுற்றும். அகலமாக, ஆனால் அடியில் சின்னச் சின்ன V வரிகளோடு. இறுக்கம் பார்த்துக்கொள்ள ஒரு ஸ்பிரிங் டென்ஷனர். போல்ட் தளர்த்த வேண்டாம், டென்ஷனரை நீளமான கம்பியால் நெம்பினால் போதும். ஆனால் பெல்ட் எந்தப் புல்லியைச் சுற்றி எந்தப் பக்கம் போகிறது என்று கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளவில்லை என்றால் தொலைந்தோம்.

அதற்கும் அடுத்தது, இந்த நூற்றாண்டில் பரவலான நீட்சி பெல்ட். டென்ஷனரும் கிடையாது, ஆட்டும் போல்ட்டும் கிடையாது. பெல்ட்டே ரப்பர் பேண்ட் மாதிரி இழுபடும். மாட்டத் தனிக் கருவி வேண்டும். கழற்ற? கத்தியால் வெட்டி எடுக்கச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்களே. சில கார்களின் ஏசி பெல்ட் இப்படித்தான். எங்கள் மெக்கானிக் முதல் தடவை இதைப் பார்த்தபோது அரைமணி நேரம் போல்ட்டைத் தேடினாராம். “இல்லாத போல்ட்டை எப்படி சார் கழட்டுறது?” கடைசியில் தனிக் கருவி இல்லாமல், கயிறு கட்டி, பையனை விட்டு கிராங்கைத் திருப்பச் சொல்லி, கையால் பிடித்து ஏற்றியிருக்கிறார்கள். நான் அன்று செய்த அதே வேலை. நான் தெரியாமல் செய்தேன், அவர் வேறு வழியில்லாமல் செய்திருக்கிறார்.

அவர் ஷெட்டில் வேலை கற்றுக்கொள்ளும் பையனுக்குப் பத்தொன்பது வயது. தொழிற்சாலை கண்ணோட்டத்தில் பார்த்தால் வயதுவந்த ஆண்தான். உடம்போடு ஒட்டிய உடை இல்லை, கையில் சாமிக்கயிறு இரண்டு சுற்று. அன்று என் வண்டிக்குப் புது பெல்ட் மாட்டும்போது அவனைத்தான் கிராங்கைத் திருப்பச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் அவனைத் தள்ளி நிற்கச் சொன்னார். முதலில் அந்தச் சாமிக்கயிறைச் சட்டைக் கைக்குள் செருகச் சொன்னார். பெல்ட்டைத் தளர்வாக மூன்று புல்லியிலும் வைத்துவிட்டு, ஆல்டர்னேட்டரை வெளிப்பக்கம் ஒரு கட்டையால் நெம்பிப் பிடித்தபடி மேல் போல்ட்டை இறுக்கினார். நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், சுமார் அரை அங்குலம் இறங்கியது. என்னையும் அழுத்திப் பார்க்கச் சொன்னார். கறுத்த நகம் உள்ள கையால் அழுத்தவில்லை.

கடைசியாகத்தான் பேட்டரி ஒயர். கிளப்பியதும் சத்தம் இல்லை. பழைய பெல்ட்டை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார், ஷெட்டில் ஏதாவது கட்ட உதவுமாம். “புது பெல்ட்டு கொஞ்சம் தொய்வு கொடுக்கும் சார். ஒரு வாரம் ஓட்டிட்டு கொண்டாங்க, திரும்ப டைட் வெச்சுத் தர்றேன். நீங்களா கை வைக்காதீங்க.”

அடுத்த ஞாயிறு கொண்டுபோனேன்.